மெசின் போட்டும் அசதி போகவில்லை: சீபாப் சிகிச்சை எங்கே இடறுகிறது?

யாழ்ப்பாணமோ கொழும்போ போய், உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு படுத்து எழும்பி, "நித்திரையில் மூச்சு நிற்கிறது" என்ற முடிவோடு ஊர் திரும்பியாயிற்று. கடன்பட்டோ, கனடாவில் இருக்கும் தம்பியைக் கேட்டோ, படுக்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் ஒரு சீபாப் (CPAP) மெசினும் எடுத்தாயிற்று. குறட்டை நின்றுவிட்டது, பக்கத்தில் படுப்பவருக்கு நிம்மதி. ஆனால் போட்டவருக்கோ காலையில் அதே தலைப்பாரம், பத்து மணிக்கு அதே கொட்டாவி, பின்னேரம் பேப்பரை விரித்தால் அதே தூக்கம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெசினை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார். கேட்டால் "எனக்கு அது சரிவரேல்லை" என்கிறார்.

இந்தச் "சரிவரேல்லை" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் கிடக்கின்றன.

1. மெசினைப் போடவேண்டிய அளவு நேரம் போடவில்லை.
2. போடுகிறார், மெசின் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை.
3. மெசின் ஒழுங்காகச் செய்கிறது. அசதி வேறெங்கோ இருந்து வருகிறது.

மூன்றுக்கும் பரிகாரம் வேறு. எது தனக்கு என்று தெரியாமல் மாஸ்க்கை மாற்றுவதிலும் மெசினைத் திட்டுவதிலும்தான் பலருடைய மாதங்கள் போகின்றன.

## தொண்டைக்குள் என்ன நடக்கிறது

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் தடித்த, மடங்காத குழாயைத்தான் பூட்டுவோம். மெல்லிய படுக்கைக் குழாயைப் பூட்டினால் பம்ப் இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. அதே மெல்லிய குழாயைத் தள்ளும் பக்கத்தில் பூட்டினால் உள்ளேயிருக்கும் அழுத்தத்தில் உப்பித் திறந்து நிற்கும்.

நம் தொண்டை அந்த மெல்லிய குழாய். நெஞ்சு காற்றை உறிஞ்சுகிறது. விழித்திருக்கும்போது தசைகள் தொண்டையை விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர்ந்ததும், சிலருக்கு நாக்கின் அடியும் உள்நாக்குப் பக்கமும் சரிந்து வழி ஒட்டிக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ஒரு "மூச்சு நிறுத்தம்". முழுதாக நிற்காமல் பாதிக்குறைய அடைபட்டு ஒட்சிசன் இறங்கினாலோ மூளை உலுக்கப்பட்டாலோ அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் என்ற எண்ணைத்தான் அறிக்கையில் பார்க்கிறீர்கள். 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மணிக்கு 40 என்றால் ஏழு மணித்தியால நித்திரையில் 280 தரம். அத்தனை தரமும் மூளை அரைவிழிப்புக்கு வந்து தொண்டையைத் திறந்துவிட்டுத் திரும்பப் போகிறது. காலையில் உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது, களைப்பைத் தவிர.

1981ல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் செய்து காட்டியது, உறிஞ்சும் குழாயைத் தள்ளும் குழாயாக மாற்றியதுதான். மூக்கு வழியாகக் காற்றைத் தொடர்ந்து அழுத்தினால் தொண்டை உப்பித் திறந்து நிற்கும். சீபாப் என்பது அவ்வளவே. அது ஒட்சிசன் தருவதில்லை, உங்களுக்காக மூச்சு விடுவதுமில்லை. வழியைத் திறந்து வைத்திருப்பது மட்டுந்தான் அதன் வேலை. நித்திரை கொள்வது உங்கள் வேலை.

## முதல் சந்தேகம் மணித்தியாலத்தின் மேல்

திரையில் காட்டும் எண்ணை நம்பி ஏமாறுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒருவருக்குச் சிகிச்சைக்கு முன் மணிக்கு 40. மெசின் போட்டால் 2. இரவு பத்து மணிக்குப் போட்டுப் படுக்கிறார். இரண்டு மணிக்குச் சலம் கழிக்க எழும்புகிறார், மாஸ்க்கைக் கழற்றுகிறார், வந்து அப்படியே சரிகிறார். ஐந்து மணிக்கு மனைவி, "இஞ்சாருங்கோ, திரும்பவும் கழட்டிப்போட்டுப் படுத்திட்டியள்" என்கிறார். காலையில் மெசின் "2" என்று காட்டுகிறது. டொக்டரும் "நல்லாயிருக்கே" என்கிறார்.

மெசின் பொய் சொல்லவில்லை. அதை முகத்தில் மாட்டியிருந்த நேரத்தை மட்டுந்தான் அதற்குத் தெரியும். முழு இரவையும் கூட்டிப் பாருங்கள்: நாலு மணித்தியாலத்தில் 8 தரம், மிச்ச மூன்று மணித்தியாலத்தில் 120 தரம், மொத்தம் 128. ஏழால் பிரித்தால் மணிக்கு 18. மெசினின் கணக்கில் இவர் சுகப்பட்டவர். உடம்பின் கணக்கில் இன்னும் நடுத்தர நோயாளி.

உண்மையில் நிலைமை இதைவிட மோசம். கனவு காணும் நித்திரை, இரவின் பின்பாதியில்தான் அதிகம் வரும். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் மிக அதிகமாகத் தளர்ந்து கிடக்கும். பலருக்கு மூச்சு நிறுத்தம் அடிக்கடியும் நீளமாகவும் வருவது அப்போதுதான். அதாவது அவர் கழற்றி வைக்கும் மூன்று மணித்தியாலம், மெசின் அதிகம் தேவைப்படும் மூன்று மணித்தியாலம்.

"நாலு மணித்தியாலம் போட்டால் போதும்" என்ற பேச்சு எங்கேயிருந்து வந்தது? அமெரிக்காவில் மெசினுக்குக் காப்புறுதி காசு கொடுப்பதற்கு வைத்த விதி அது: நூற்றுக்கு எழுபது இரவுகளில் குறைந்தது நாலு மணித்தியாலம். காசு கொடுக்கிறவனின் அளவுகோல், சுகமாவதற்கான அளவல்ல. 2007ல் அங்கேயே வெளியான ஓர் ஆய்வு, கடுமையான நோயாளிகளை மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்த்தது. "தூக்கம் தூக்கமாக வருகிறது" என்ற உணர்வு குறைவதற்கு இரவுக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம். பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்கிவிழுகிறார் என்று ஆய்வுகூடத்தில் அளக்கும்போது அது சரியாவதற்கு 6. அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு திரும்புவதற்கு 7.5. இந்த அளவுகளை எட்டியும் சிலருக்கு முழுதாகச் சரிவரவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது.

வன்னி வாழ்க்கை இதற்கு ஒத்துழைப்பதில்லை. காலபோக அறுவடை நெருங்கும் தை, மாசியில் யானைக் காவலுக்குப் போகிறவர் காவல் குடிலில் கரண்டுக்கு எங்கே போவார்? முல்லைத்தீவில் இரவில் கடலுக்குப் போய் விடியக் கரை சேருகிறவர் பகலில்தான் படுக்கிறார். ஒன்றைச் சொல்லவேண்டும்: இரவு என்பது முக்கியமில்லை, நித்திரைதான் முக்கியம். பகலில் படுத்தாலும் மெசினோடு படுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் சாயும் முக்கால் மணித்தியாலமும் கணக்கில் வரும். அப்புறம், மொத்தமே ஐந்து மணித்தியாலம் படுக்கிறவருக்கு எந்த மெசினாலும் ஏழு மணித்தியால நித்திரையைத் தர முடியாது.

## மெசின் வேலை செய்கிறதா

நேரம் சரி, ஆறேழு மணித்தியாலம் போடுகிறார், இருந்தும் அசதி. இனி மெசினைப் பார்க்கலாம்.

1. கசிவு. மாஸ்க் ஓரத்தால் காற்றுப் போனால் தொண்டைக்குப் போய்ச் சேரும் அழுத்தம் குறையும். ஒரு சின்னக் காரணம் அடிக்கடி தவறிப்போகிறது: எண்ணெய். தலைக்கு வைத்த நல்லெண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் வழிந்து, சிலிக்கன் விளிம்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். பட்டியை இறுக்கினால் மூக்கில் புண் வருமே தவிரக் கசிவு நிற்காது. படுக்கமுன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மாஸ்க் விளிம்பையும் தினம் கழுவுங்கள்.

2. வாய் திறப்பது. மூக்கு மாஸ்க் போட்டவர் வாயைத் திறந்தால் மூக்கால் போன காற்று வாயால் வந்துவிடும். காலையில் நாக்கு காய்ந்த ஓலை மாதிரி இருந்தால் இதுதான். பெரும்பாலும் அடிக்காரணம் மூக்கடைப்பு. முதலில் மூக்கைச் சரிசெய்ய வேண்டும். சரிவராவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்.

3. அழுத்தம் பிசகுவது. இந்த மெசின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் தண்ணீர் அழுத்தம் வரை கொடுக்கும். தானாகக் கூட்டிக் குறைக்கும் மெசினை 4 - 20 என்று முழு எல்லைக்கும் திறந்துவிட்டு, "அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று கொடுத்துவிடுவதுண்டு. பத்தில்தான் தொண்டை திறக்கும் என்றால், நாலிலிருந்து அது ஏறிவருவதற்குள் மூச்சு பல தரம் நின்றுவிடும். போதாத அழுத்தத்துக்கு அடையாளம், மாஸ்க்கோடும் குறட்டை கேட்பது. நாலில் தொடங்கும்போது "காற்றே வருகுதில்லை" என்று மூச்சு முட்டுவதும் தொடக்க அழுத்தம் குறைவு என்பதால்தான். கூடிய அழுத்தத்துக்கு அடையாளம் காற்றை விழுங்குவது: காலையில் வயிறு மத்தளம், ஏப்பம் ஏப்பமாக வரும். இரண்டையும் டொக்டரிடம் சொல்லி மாற்றலாம்.

4. புதிதாக வரும் நிறுத்தம். சிலருக்கு மெசின் தொடங்கியபின் வேறு வகை நிறுத்தம் தலைகாட்டும். வழி திறந்திருக்கும், ஆனால் மூளையிலிருந்து "மூச்செடு" என்ற கட்டளை வராது. அதிகமானோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால், விசேடமாக இதய பலவீனம் உள்ளவர்களுக்கு, மேலதிகப் பரிசோதனை வேண்டும்.

பல மெசின்கள் காலையில் திரையில் மூன்று எண்களைக் காட்டும்: நேரம், கசிவு, மணிக்கு நிறுத்தம். கடைசி எண் 5க்குக் கீழே இருக்கவேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: மெசின் காற்றோட்டத்தைத்தான் பார்க்கிறது, மூளையை அல்ல. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விடியவிடிய யோசித்துக்கொண்டு கிடந்தாலும் அது "ஏழு மணித்தியாலம், 1.5, அருமை" என்று சிரித்த முகம் காட்டும்.

## கனடாவிலிருந்து வந்த மெசின்

வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த மெசின் பெரிய உதவிதான். ஆனால் அதில் நாலு சங்கதி பார்க்கவேண்டும்.

முதலாவது, அதற்குள் இருக்கும் அழுத்தம் அதை முன்பு பாவித்தவருடையது. சித்தப்பாவின் கண்ணாடியை நீங்கள் போடுவது மாதிரி. உங்கள் அறிக்கையைப் பார்த்துத் திரும்ப அமைக்க வேண்டும். பழைய பதிவுகளையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் டொக்டர் படிப்பது வேறொருவரின் இரவுகளை.

இரண்டாவது, மின்சாரம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரின் ஒட்டியில் 100 - 240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 110 அல்லது 120 மட்டும் என்று இருந்தால் நேரே செருகக் கூடாது.

மூன்றாவது, மாஸ்க், குழாய், வடி (காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் துண்டு) இவற்றை மற்றவர் பாவித்ததை அப்படியே எடுக்காமல் புதிதாக வாங்குங்கள்.

நாலாவது, மீள அழைக்கப்பட்ட மெசின்கள். 2021 யூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தன் முதலாம் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல இலட்சம் மெசின்களை மீள அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு உதிர்ந்து, துகளும் வாயுவும் மூச்சோடு உள்ளே போகலாம் என்பதுதான் காரணம். சூடும் ஈரப்பதனும் கூடிய இடத்தில் அந்தப் பஞ்சு சீக்கிரம் பழுதாகக்கூடும் என்றும் சொல்லப்பட்டது. நம் ஊரின் சூட்டைச் சொல்லத் தேவையில்லை. அலுமாரியில் கிடந்த பழையது கைக்கு வந்தால், கட்டித் தூக்கி அனுப்பமுன் மொடல் பெயரையும் இலக்கத்தையும் அனுப்புபவரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

## கரண்ட், தண்ணீர், நுளம்பு

கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பயத்தில் அரைத்தூக்கம் தூங்குகிறவர்களும் உண்டு. வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் வெளிக்காற்று வரத் திறக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. மூக்கு மாஸ்க்கில் வாயைத் திறந்தாலே போதும். மூச்சு முட்டுவதுபோல் இருந்து எழும்பிக் கழற்றிவிடுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் வருத்தம் அந்த இரவே திரும்பி வரும், ஒரு நாள்கூடத் தவணை தராது. 2022ல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடுவதென்றால் ஈரப்பதனூட்டும் சூடாக்கியை நிறுத்திவிடுங்கள். பற்றரியை அதிகம் தின்பது அதுதான். அதுவும் இல்லாத இரவில் ஒருக்களித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது ஓரளவு உதவும்.

ஈரப்பதனூட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு இங்கேயும் பிடிக்கும். வடித்த தண்ணீர் கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்கு உரியதல்ல. மாரிகாலத்தில் பலருக்கு ஈரப்பதனூட்டி இல்லாமலே சமாளிக்கலாம்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வடியைத் திறந்து பாருங்கள், செம்மண் படை தெரியும். நுளம்புத்திரி இன்னொன்று. மெசின் அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. கட்டிலுக்குக் கீழே மெசின், அதற்குப் பக்கத்தில் திரி என்று வைத்தால் விடியும்வரை புகை நேரே மூக்குக்குப் போகும். மூக்கு அடைக்கும், வாய் திறக்கும், கசிவு வரும். வலைக்குள் படுத்து, குழாயை வலையின் ஓரத்தால் உள்ளே எடுத்துவிட்டு, திரியை அணைத்துவிடுங்கள்.

## மூச்சு சரி, அசதி மட்டும் இருக்கிறது

நேரம் ஏழு, கசிவு இல்லை, எண் 2. அப்போதும் களைப்பு என்றால் மெசினைக் குறைசொல்லிப் பயனில்லை. களைப்புக்கு ஒரு காரணந்தான் இருக்கவேண்டும் என்று சட்டமா?

- இரத்தச்சோகை, இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு குறைந்தால் இரவில் கால் குடைச்சலும் வரும், நித்திரை துண்டு துண்டாகும்.
- தைரொயிட் குறைவு, கட்டுப்படாத சீனி வருத்தம்.
- சிறுநீரக நோய். வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் இது ஏற்கெனவே கவலை. களைப்பையும் தரும், நித்திரையையும் குழப்பும்.
- மருந்துகள். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை, கால் எரிவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பிரிகபலின் எல்லாம் அடுத்தநாளும் மந்தத்தை இழுக்கும். தானாக நிறுத்தாமல் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.
- சாராயம், கள்ளு. கண்ணை மூடவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், தொண்டையை இன்னும் தளர்த்தும்.

பட்டியலில் அடங்காத ஒன்று இருக்கிறது. மூச்சு நிறுத்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நித்திரையின்மையும் சேர்ந்தே இருக்கும். வன்னியில் அதற்கு 2009 என்றும் ஒரு பெயர் உண்டு. பங்கருக்குள் மூச்சடக்கிக் கிடந்த ஒருவருக்கு, இருட்டில் முகத்தை மூடும் ஒரு பொருளை மாட்டிக்கொள்வது வெறும் அசௌகரியமல்ல. கனவில் ஷெல் விழுந்து எழும்புகிறவர் முதலில் பிடுங்கி எறிவது மாஸ்க்கைத்தான். இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ வீட்டிலுள்ளவர்கள் சொல்வது அநியாயம். போர்க்கால மனவடு உள்ளவர்கள் மெசினைப் பாவிப்பது குறைவு என்பதை அமெரிக்க முன்னாள் படையினரிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாவிக்க முடிந்தவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்ததையும் அவை காட்டின.

வழி மெதுவானது. பகலில், வெளிச்சத்தில், குழாய் இல்லாமல் மாஸ்க்கைக் கையில் பிடித்து முகத்தில் வைத்துப் பழகுங்கள். பிறகு பட்டியைப் போட்டு ரீவி பார்த்தபடி பத்து நிமிடம். பிறகு காற்றோடு. பிறகுதான் படுக்கையில். ஒரு படியில் நெஞ்சு படபடத்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை. நித்திரைக் குளிசையை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். சிலவகை தொண்டையை இன்னும் தளர்த்தும்.

எல்லாம் பார்த்தபிறகும் ஒரு சிறு பங்கினருக்குத் தூக்கக் கலக்கம் மிஞ்சும். நீண்ட காலம் ஒட்சிசன் ஏறி இறங்கியதில் விழிப்பைக் காக்கும் நரம்புக் கலங்கள் பழுதாகியிருக்கலாம் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மொடாஃபினில் போன்ற விழிப்பு மருந்துகளை அமெரிக்காவில் இதற்குக் கொடுக்கிறார்கள்; ஐரோப்பிய மருந்து முகமை 2010ல் இந்தத் தேவையிலிருந்து அதை விலக்கப் பரிந்துரைத்தது. வல்லுநர் முடிவெடுக்க வேண்டிய விடயம் அது. அந்த மருந்து எடுத்தாலும் மெசினை நிறுத்த முடியாது.

## கிளினிக்குக்கு எதைக் கொண்டுபோவது

"இன்னும் களைப்பு, டொக்டர்" என்றால் அவருக்குப் பிடிக்க ஒரு நுனியும் இருக்காது. கூட்டத்துக்குள் கிடைக்கும் ஐந்து நிமிடத்துக்கு இவற்றைக் கொண்டுபோங்கள்.

1. மெசினின் பதிவுகள் சேரும் அட்டை, அல்லது ஒரு கிழமைக்குக் காலைத் திரையைப் போனில் எடுத்த படங்கள்.
2. படுத்த நேரம், எழும்பிய நேரம், கழற்றிய நேரம், இரண்டு கிழமைக்குக் கொப்பியில் எழுதியது.
3. எடுக்கும் எல்லா மருந்துகளும், கடையில் வாங்கியவை உட்பட.
4. எப்வேர்த் மதிப்பெண். 1991ல் மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் உருவாக்கிய எட்டுக் கேள்வி இது. வாசிக்கும்போது, ரீவி பார்க்கும்போது, ஒரு மணித்தியாலம் வாகனத்தில் பயணியாகப் போகும்போது, வாகனம் வீதியில் சில நிமிடம் நிற்கும்போது என்று எட்டு நிலைமைகளில் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் கூடுதல் தூக்கம். மாதம் ஒருமுறை போட்டு வைத்தால் 17லிருந்து 12க்கு இறங்கியிருப்பது உங்களுக்கே தெரியும். மெதுவாக வரும் சுகத்தை மனது கவனிப்பதில்லை.

அந்த மதிப்பெண் இறங்கும்வரை வாகனம் ஓட்டுவதில் கவனம் வேண்டும். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், நேர்ப்பாதை, பக்கத்தில் காடு, மத்தியான வெயில். கண் சொருகுவது தெரிந்தால் கண்ணாடியை இறக்கிவிடுவதோ பாட்டைக் கூட்டுவதோ வேலைக்காகாது. ஓரம் கட்டிப் பதினைந்து இருபது நிமிடம் படுத்து எழும்புங்கள், அல்லது சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.